ஒல்லிக் கோடு, குண்டுக் கோடு!

ஒரு சின்னப் பரீட்சை. பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து படிக்கிறீர்கள் என்றால், மானேஜர் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யவும்.

சம்பளத்துக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை? அதைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். 'பே'. சரி. வங்காளத்தை ஒட்டி ஒரு விரிகுடா இருக்கிறதே, அந்த விரிகுடாவுக்கு இங்கிலீஷ் வார்த்தையை எழுதுங்கள். அதுவும் 'பே'! ஒன்றாம் தேதி கைக்கு வருவதும், மெரினாவில் அலையடிப்பதும் தமிழில் ஒரே எழுத்து. ஒன்றாம் தேதி வந்தது பத்தாம் தேதிக்குள் கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடுகிறதே, பொருத்தம்தான் என்பீர்கள்.

இன்னும் இருக்கிறது. 'டவுன்' என்றால் ஊரா, கீழேயா? 'கோல்' என்றால் நிலக்கரியா, ஃபுட்பாலில் போடுவதா? 'பெக்' என்றால் கோழி கொத்துவதா, குற்றாலம் சீசனில் ரூம் போட்டுச் சில கோஷ்டிகள் ஊற்றிக்கொள்வதா? தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். ஆபீஸில் இதன் உச்சகட்டம், புதிதாகச் சேர்ந்த பையன் அதிகாரியிடம் போய், "ஸார், உங்க பைல்ஸ் மேஜை மேல இருக்கு" என்று பணிவாகச் சொல்வது.

இந்த ஜோடிகளை ஒரே கோட்டில் எழுதி, ஒன்றை ஒல்லி, இன்னொன்றைக் குண்டு என்று மட்டும் பிரித்தார் ஓர் இங்கிலாந்துப் பள்ளிக்கூட வாத்தியார். பெயர் ஐசக் பிட்மன். அவர் 1837-ல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையைத்தான் நம் ஊரில் 'ஷார்ட்ஹேண்ட்' என்கிறோம். அதைக் கையால் கற்கிற வித்தை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அது காதால் கற்கிற வித்தை. அதுவும் தமிழ் மீடியத்தில் படித்தவன் காதுக்கு, அதைப்போல ஒரு வைத்தியம் கிடையாது.

எனக்கு ஊர் இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், வயலும் தோப்பும் குமாரர் கோயிலுமாக இருக்கும் ஊர். 1990-ல் பி.காம். முடித்துவிட்டு, சைக்கிளை மிதித்துத் தென்காசியில் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் போய்ச் சேர்ந்தேன். "பையன் என்ன செய்யுதான்?" என்று யாராவது கேட்டால், "டைப்பும் ஷார்ட்ஹேண்டும் போறான்" என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அது கௌரவமான பதில். 'இன்னும் வேலை கிடைக்கவில்லை' என்பதன் மரியாதையான வடிவம்.

அந்தக் காலத்துப் பத்திரிகை ஜோக்குகளில் ஸ்டெனோ என்றால் எப்போதும் ஒரு பெண்தான். உதட்டுச் சாயம் பூசியிருப்பாள். மானேஜர் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். மானேஜரின் மனைவி சரியாக அந்த நேரத்தில் கதவைத் திறப்பாள். தென்காசியில் நான் பார்த்த வருங்கால ஸ்டெனோக்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறும், சட்டைப்பையில் சீவிய பென்சிலும், காலில் ஹவாய் செருப்புமாக வந்த பையன்கள். மீதிப் பாதி, தாவணியில் வந்து தலைநிமிராமல் எழுதிவிட்டுப் போன பெண்கள். எந்த மானேஜர் மனைவிக்கும் எங்களால் ஆபத்தில்லை. எங்களுக்கு முந்தின தலைமுறை இந்தப் பென்சிலை நம்பித்தான் பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயில் ஏறியது. பம்பாயில் 1966-ல் சிவசேனா தொடங்கியபோது, கிளார்க், ஸ்டெனோ வேலைகளையெல்லாம் தென்னிந்தியர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது அவர்களுடைய முதல் புகார்களில் ஒன்று. அவ்வளவு பேர் போயிருந்தார்கள்!

முதல் நாள் மாஸ்டர் கேட்டார்: "ஏ பி சி டி தெரியுமாடே?"

"தெரியும் ஸார்."

"நல்லது. அதை வாசல்ல செருப்புகூட விட்டுட்டு வா."

சும்மா சொல்லவில்லை அவர். பிட்மன் முறையில் ஸ்பெல்லிங் கிடையாது. இரவுக்கும் 'நைட்', குதிரை மேல் வரும் வீரனுக்கும் 'நைட்'. இங்கிலீஷில் எழுதினால் ஒன்றுக்கு 5 எழுத்து, இன்னொன்றுக்கு 6. அதில் பாதி வாயைத் திறக்காத ஊமை எழுத்துகள். பிட்மன், காதில் விழாததெல்லாம் வெளியே போ என்று துரத்திவிட்டார். காதில் விழுவது 'ந', பிறகு ஓர் 'ஐ', பிறகு 'ட்'. அதை எழுது, போதும். பத்து வருஷம் ஸ்பெல்லிங்குக்காகப் பிரம்படி வாங்கிய கூட்டத்துக்கு இது விடுதலை மாதிரி இருந்தது.

விடுதலைக்குப் பின்னால் ஒரு பொறி இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

பிட்மனின் மெய்யெழுத்துகள் மொத்தம் 24. முதல் 8-ம் நேர்கோடுகள். மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரக்கால்கள்தான் இந்த எழுத்துகள். இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து இறங்கினால் 'ப்'. நேரே செங்குத்தாக இறங்கினால் 'ட்'. வலது மேலிருந்து இடது கீழாகச் சாய்ந்து இறங்கினால் 'ச்'. தரையோடு படுத்து இடமிருந்து வலம் போனால் 'க்'. நான்கே கோடு. ஒவ்வொன்றையும் கொஞ்சம் அழுத்தி எழுதினால் அதன் குண்டு அண்ணன் வந்துவிடுவான். ஒல்லி 'ப்' சம்பளத்தில் வருவது, குண்டு 'ப்' விரிகுடாவில் வருவது. ஒல்லி 'ட்' ஊர், குண்டு 'ட்' கீழே. இதே மாதிரி 'ச்'-க்கு 'ஜ்', நிலக்கரிக் 'க்'-குக்குக் கால்பந்துக் 'க்'. பிறகு வளைகோடுகள்: 'ஃப்', 'த்', 'ஸ்', 'ஷ்', 'ம்', 'ந்' வகையறா. 'ம்' குடைபோலக் கவிழ்ந்த வளைவு, 'ந்' கிண்ணம்போல நிமிர்ந்த வளைவு. 'ஃப்' வளைவு, 'ப்' நேர்கோடு. ஆகவே பிட்மன் தெரிந்த பையன் அதிகாரியின் ஃபைலை ஒருநாளும் பைல்ஸ் ஆக்க மாட்டான்.

இதில் ஒரு வேடிக்கையை மாஸ்டர் காட்டினார். பிட்மனின் வரிசை 'ப'-வில் தொடங்கி, 'ட', 'ச' வழியாக 'க'-வில் முடிகிறது. உதட்டில் ஆரம்பித்து, நாக்கு நுனி, அண்ணம் என்று உள்ளே போய்த் தொண்டைப் பக்கம் நிற்கிறது. நம்முடைய வரிசை என்ன? க ச ட த ப. தொண்டைப் பக்கம் தொடங்கி உதட்டுக்கு வருகிறது. அதே ரயில், எதிர்த் திசை! ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று பார்த்து எழுத்தை அடுக்குகிற வேலையைத் தொல்காப்பியம் பிறப்பியல் என்று ஓர் இயலே வைத்துச் செய்திருக்கிறது. பிட்மன் ஆகாயத்திலிருந்து குதித்து வரவில்லை. நமக்குத் தெரிந்த வீட்டுக்கே கொல்லை வாசல் வழியாக வந்திருக்கிறார்.

அப்படியானால் நமக்கு எங்கே இடிக்கிறது? ஒல்லி–குண்டில்தான். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான், 'க' ஒன்றுதான். ஆனால் வாய் இரண்டையும் சொல்கிறது. 'பம்பரம்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். முதல் 'ப' ஒல்லி. 'ம்'-முக்குப் பிறகு வருகிற 'ப' குண்டு. இடத்தைப் பொறுத்துத் தானாக மாறிக்கொள்வதால், தனி எழுத்து வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு குண்டு இருக்கிறது: இலஞ்சி. அந்த 'சி' உண்மையில் 'ஜி'. பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம், காது கவனித்ததில்லை. இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. சொல்லின் முதலிலேயே ஒல்லியும் வரும், குண்டும் வரும். எது என்று காதுதான் சொல்ல வேண்டும். காது சொல்லாவிட்டால் கை அழுத்தாது. கை அழுத்தாவிட்டால் கம்பெனியின் சம்பளம் விரிகுடாவில் போய் விழும்.

முதல் 2 மாதம் எங்களுக்கு நடந்தது முழுக்க இந்தக் காது வைத்தியம்தான். மாஸ்டர் ஜோடி ஜோடியாகச் சொல்வார். நாங்கள் ஒல்லியா, குண்டா என்று கோடு போடுவோம். இடையில் சாரல் வேறு. ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் தூறலும் வந்து, தென்காசியில் எந்தக் காகிதமும் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். நமத்த காகிதத்தில் பேனாவால் ஒல்லிக் கோடு போட்டால், மை ஊறி அதுவே குண்டாகிவிடும். அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பென்சில் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. ஊருக்கெல்லாம் சீசன், எங்களுக்கு அது எழுத்து குண்டாகும் காலம்.

அடுத்தது உயிரெழுத்து. பிட்மனில் உயிர் 12. அட, நமக்கும் 12! ஆள் கணக்கு அச்சாகப் பொருந்தாது. நம் 12-ல் ஐ, ஔ சேர்த்தி. அவர் அந்த மாதிரிக் கூட்டொலிகள் 4-ஐத் தனியே வைத்தார். ஆனால் முறை நம் முறைதான். நெடில் 6, குறில் 6. நெடிலுக்கு அழுத்தமான புள்ளி அல்லது அழுத்தமான சிறுகோடு, குறிலுக்கு லேசானது. 6 நெடிலையும் வரிசையாக மனசில் நிறுத்த, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து போகலாமா என்று அப்பாவிடம் அனுமதி கேட்கிற மாதிரி 6 சொல்லில் ஓர் இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிக் கொடுப்பார்கள். 40 வருஷம் கழித்துத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பழைய ஸ்டெனோக்கள் அதை ஒப்பிப்பார்கள்.

புள்ளியை எங்கே வைப்பது? மெய்யின் கோடு தொடங்கும் இடம், நடு, முடியும் இடம் என்று 3 இடம். 'ஈ' என்ற ஒலிக்கு மூன்றாம் இடம். செங்குத்தாக ஒரு 'ட்' போட்டு, அதன் அடியில், வலப்பக்கம், அழுத்தமாக ஒரு புள்ளி வையுங்கள். மெய்க்குப் பின்னால் உயிர்: 'டீ'. அதே புள்ளியைத் தூக்கி இடப்பக்கம் வையுங்கள். மெய்க்கு முன்னால் உயிர்: 'ஈட்', அதாவது சாப்பிடு. வலப்பக்கம் குடிக்கலாம், இடப்பக்கம் சாப்பிடலாம். ஒரு கோடு, ஒரு புள்ளியில் முழு டிபன் கடை!

முதலில் மெய்களை எலும்புக்கூடு மாதிரி எழுதி முடித்துவிட்டு, பிறகு உயிரை ஏற்றுவது. உயிர்மெய் என்று நாம் ஒன்றாம் வகுப்பில் படித்ததேதான். அதோடு நிற்கவில்லை. கை வேகம் பிடித்ததும் உயிரை வைக்கவே கூடாது. எலும்புக்கூட்டை மட்டும் பார்த்துப் படிக்க வேண்டும். 'ப்–க்' என்று இருந்தால் அது மூட்டை கட்டுவதா, கொத்துவதா, பொறுக்குவதா? பேக், பெக், பிக், மூன்றுக்கும் எலும்பு ஒன்றே. இதற்குப் பிட்மன் வைத்த தந்திரம் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. சொல்லை எழுதும் உயரம். முதலிடத்து உயிர் என்றால் ரூல் கோட்டுக்கு உயரே எழுது. இரண்டாமிடம் என்றால் கோட்டின் மேல் உட்காரவை. மூன்றாமிடம் என்றால் கோட்டை வெட்டிக்கொண்டு போகட்டும். புள்ளி வைக்காமலே புள்ளி எந்த இடத்துப் புள்ளி என்று தெரிந்துவிடும்.

மீதி, வாக்கியத்தின் போக்கில் விளங்கும். இது நமக்குப் புதிதா என்ன? ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியே இல்லாமல் எழுதி வைத்தார்கள் நம் முன்னோர். உ.வே.சாமிநாதையர் மாதிரியானவர்கள் இடம் பார்த்து, பொருள் பார்த்துத்தான் அவற்றை வாசித்தார்கள். ஸ்டெனோவும் தன் நோட்டை அப்படித்தான் வாசிக்கிறான். என்ன, சங்க இலக்கியத்துக்குப் பதில் 'தங்கள் 14-ம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது'.

உயிரை விட்டுவிடுவதில் இன்னொரு லாபம் உண்டு. அதை வேலைக்குப் போன பிறகுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். எனக்கு வாய்த்த அதிகாரிகளில் ஒருவர் மலையாளி. 'ஓஃபீஸ்' என்பார். அடுத்தவர் மதுரைக்காரர், 'ஆப்பீஸ்'. டெல்லியிலிருந்து வந்தவருக்கு 'ஆஃபிஸ்'. ஊருக்கு ஊர் ஆட்டம் போடுவது உயிரெழுத்துதான். மெய் எலும்பு பெரும்பாலும் ஆடுவதில்லை. எலும்பை மட்டும் எழுதுகிறவனுக்கு இந்தியா முழுக்க ஒரே இங்கிலீஷ். வங்காளி அதிகாரி ஒருவர் வந்தார். 'வெரி'-யை அவர் குண்டு 'ப' போட்டுச் சொன்னபோதுதான் தேச ஒற்றுமைக்குக் கொஞ்சம் சோதனை வந்தது.

மற்றதெல்லாம் வேகத்துக்கான குறுக்கு வழிகள். 'ஸ்' ஒலிக்கு ஒரு குட்டி வட்டம். கோட்டின் தலையில் கொக்கி போட்டால் 'ர்' அல்லது 'ல்' சேரும், வாலில் போட்டால் 'ன்' அல்லது 'ஃப்' சேரும். கோட்டைப் பாதியாகக் குறுக்கினால் 'ட்' சேரும். இரட்டிப்பாக நீட்டினால் 'டர்', 'தர்' சேரும். 'ம்' வளைவை நீட்டினால் 'மதர்', 'ஃப்' வளைவை நீட்டினால் 'ஃபாதர்'. அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு இழுப்பு! அடிக்கடி வரும் சொற்களுக்குத் தனிச் சின்னங்கள். 'தி' என்ற சொல்லுக்கு ரூல் கோட்டின் மேல் லேசான ஒரு புள்ளி, அவ்வளவே. கடைசியாக, பல சொற்களைக் கோத்துப் பென்சிலை எடுக்காமல் எழுதுவது. 'ஐ ஆம் இன் ரிசீப்ட் ஆஃப் யுவர் லெட்டர்' என்று அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு முடிப்பதற்குள், ஸ்டெனோ எழுதி முடித்து ஜன்னல் வழியாகக் காக்காய் பார்த்துக்கொண்டிருப்பான்.

சாதாரணமாகக் கையெழுத்தில் நிமிடத்துக்கு 30 சொல் எழுதினாலே கை வலிக்கும். 1922-ல் நியூயார்க்கில் நேதன் பெஹ்ரின் என்பவர் பிட்மன் முறையில் 2 நிமிடத்துக்கு, நிமிடம் 350 சொல் வேகத்தில் எழுதினார். நம் வீட்டுச் சண்டைகளில்கூட அந்த வேகம் வராது.

பிட்மன் ஆசாமியைப் பற்றி இரண்டு வரி. 1813-ல் பிறந்தவர். 1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்கு எங்கும் தபால் போகும் என்று ஆனதும், தபாலிலேயே பாடம் நடத்தத் தொடங்கினார். மாணவர்கள் எழுதி அனுப்புவார்கள், இவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். அஞ்சல்வழிக் கல்விக்கு அவரை முன்னோடி என்கிறார்கள். 1894-ல் 'சர்' பட்டம், 1897-ல் மறைவு. அவருக்கு முன்பும் சுருக்கெழுத்து இருந்தது. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற கடற்படை அதிகாரி 1660 முதல் 1669 வரை தன் டைரியை ஷெல்டன் என்பவரின் சுருக்கெழுத்தில் எழுதினார். ஏனென்று டைரியைப் படித்தால் புரியும். வீட்டம்மா கண்ணில் படக்கூடாத சமாச்சாரங்கள் நிறைய! சார்லஸ் டிக்கன்ஸ் எழுத்தாளர் ஆகுமுன் சுருக்கெழுத்து நிருபராகப் பார்லிமெண்டில் பேச்சு எடுத்தவர். பெர்னார்ட் ஷா தன் நாடகங்களின் முதல் பிரதிகளைப் பிட்மனில் எழுதினார். பிறகு வந்த கிரெக் முறை அமெரிக்காவைப் பிடித்தது. அதில் ஒல்லி–குண்டு இல்லை, நீளத்தில்தான் வித்தியாசம். நம் ஊர் இன்ஸ்டிட்யூட்களில் பிட்மன்தான் நிலைத்தார்.

இனி அந்தப் பொறி. எழுதி முடித்தால் வேலை முடியவில்லை. கோடுகளை மறுபடி இங்கிலீஷாக்கி டைப் அடிக்க வேண்டும். வாசலில் செருப்போடு விட்டு வந்த ஏ பி சி டி அங்கேதான் காத்துக்கொண்டிருக்கும். ஊமை எழுத்துகளெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வரும். நோட்டில் 'நைட்' என்று இருக்கிறது. ராத்திரியா, ராஜாவின் வீரனா? காது இதற்குப் பதில் சொல்லாது, படிப்புதான் சொல்ல வேண்டும். இன்ஸ்டிட்யூட்டில் வேகம் 120-ஐத் தொட்டவர்கள் பரீட்சையில் கோட்டை விட்டதும், 90-ல் நிதானமாக எழுதியவர்கள் பாஸ் ஆனதும் இந்த இடத்தில்தான். சாயங்காலம் ஷார்ட்ஹேண்ட் கிளாஸ் போகிறவன் காலையில் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கத்தை வரி விடாமல் படித்தாக வேண்டும் என்று மாஸ்டர் கட்டாயமாக வைத்திருந்தார். தமிழ் மீடியம் பையன்களுக்கு இங்கிலீஷ் வந்தது ஷார்ட்ஹேண்டால் பாதி, அந்தத் தலையங்கத்தால் பாதி.

ஒருவர் சொன்னதை அப்படியே எடுப்பது விளையாட்டுக் காரியமும் இல்லை. எங்கள் நெல்லைச் சீமைக்கு அது நன்றாகத் தெரியும். 1908-ல் வ.உ.சி. மீதும் சுப்பிரமணிய சிவா மீதும் போட்ட ராஜத்துரோக வழக்குக்கு அடிப்படையே மேடைப் பேச்சுதான். போலீஸ்காரர்கள் எடுத்து வைத்த குறிப்புகள் கோர்ட்டில் சாட்சியம் ஆயின. ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார்: சிவாவுக்கு 10 ஆண்டு, வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, 40 ஆண்டு. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது வேறு கதை. பேசிய ஒரு சொல்லுக்கும் எழுதிய ஒரு சொல்லுக்கும் இடையில் ஒருவருடைய ஆயுளே நிற்கலாம் என்று மாஸ்டர் இந்த வழக்கைச் சொல்லித்தான் எங்களுக்கு உறைக்க வைத்தார்.

சரி, 2 வருஷம் இதற்குச் செலவழிப்பது இன்றைக்குப் புத்திசாலித்தனமா?

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் 4 பேர் பிட்மன் படிக்கிறார்கள். ஃபீஸ் கிடையாது, என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் ஃபீஸ். அதில் ஒருவன், பிளஸ் டூ முடித்தவன், அப்பாவுக்கு ஆட்டோ. ஒருநாள் கோடு போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்:

"மாமா, ஃபோன்ல பேசினாலே டைப் ஆயிருதே. பெறகு இந்தக் கோட்ட எதுக்குப் போடுதோம்?"

நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. தனியார் கம்பெனியில் ஸ்டெனோ வேலை கிடைக்கும் என்று நினைத்து இதைப் படிக்க வேண்டாம். அங்கே அதிகாரிகள் தாங்களே தட்டிக்கொள்ளப் பழகி ரொம்ப காலம் ஆகிறது. எதற்காகப் படிக்கலாம் என்றால் அரசாங்கத்துக்காக. மத்திய அரசின் ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் ஸ்டெனோகிராஃபர் பரீட்சை நடத்துகிறது. பிளஸ் டூ போதும். எழுத்துத் தேர்வு தாண்டினால் 10 நிமிட டிக்டேஷன். 'சி' கிரேடுக்கு நிமிடம் 100 சொல், 'டி' கிரேடுக்கு 80. அதை இங்கிலீஷில் அடித்துக் கொடுக்க முறையே 40 நிமிடம், 50 நிமிடம். டிக்டேஷன் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோதான். தமிழ்ப் பையனுக்கு இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட் இன்னும் தேவைப்படுவது இதனால்தான். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் ஸ்டெனோ டைப்பிஸ்ட் பதவி உண்டு. அதற்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வுகளில் ஜூனியர், சீனியர் என்று டைப்பிலும் ஷார்ட்ஹேண்டிலும் தேறியிருக்க வேண்டும். ஐ.டி.ஐ.களிலும் இது ஒரு வருஷப் படிப்பாக இருக்கிறது. இவை போக கோர்ட்டுகள், சட்டமன்றம், பார்லிமெண்ட்.

கோர்ட்டில் ஏன் இன்னும் ஆள் வேண்டும்? நீதிபதி தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வருவார். நடுவில் ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு சொல்வார். வக்கீல் எழுந்து குறுக்கே பேசுவார். நீதிபதி அவரை உட்காரச் சொல்வார். பியூனைக் கூப்பிட்டு, "அந்த ஃபேனை நிறுத்துப்பா" என்பார். இதில் எது தீர்ப்பு, எது ஃபேன் என்று ஸ்டெனோவுக்குத் தெரியும். ஃபோன் ஃபேனையும் சேர்த்துத் தீர்ப்பாக்கிவிடும்.

"ஃபோனும் ஒருநாள் அதைக் கத்துக்கிடும்லா மாமா?" என்றான்.

"கத்துக்கிடும்டே. அதுக்குள்ள நீ வேலைக்குப் போயிரு" என்றேன். 

பையன் கெட்டிக்காரன். எட்டாவது மாதத்தில் புத்தகம் முடித்துவிட்டான். இப்போது வேகம் மட்டும்தான் பாக்கி. வேகத்துக்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தலையங்கத்தில் 20 சொல்லுக்கு ஒரு சாய்கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வாசிக்கிறவர் 15 செகண்டுக்கு ஒரு சாய்கோட்டைத் தாண்டினால் 80 வேகம். எடுத்ததை அன்றைக்கே படித்துப் பார்த்து டைப் அடித்துவிட வேண்டும். மறுநாள் ஆனால் சொந்தக் கோடே அந்நியமாகிவிடும். பழகும்போது விரல் அல்ல, முன்கை நகர வேண்டும். பென்சில் 2 சீவி வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்று முறிந்தால் தேடக் கூடாது.

வீட்டில் அவனுக்கு வாசிப்பது பத்தாவது படிக்கும் தங்கச்சி. ஒரு கண் பேப்பரில், ஒரு கண் கடிகாரத்தில். கஷ்டமான வார்த்தை வந்தால் அவள் தடுமாறுவாள். "நிறுத்தாம வாசிட்டீ" என்று இவன் கத்துவான். போன வாரம் அளந்து பார்த்தோம். தப்பில்லாமல் 65. இன்னும் 15 சொல் பாக்கி.